டிராக்டருக்கு விரைவு இணைப்பி வாங்கலாமா?

மாணவர்களே! டிராக்டரில் சுழல் கலப்பை பூட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டுநர் வண்டியைப் பின்னோக்கி நகர்த்துவார். இன்னொருவர் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நடுவே நின்று, துளையும் முளையும் நேராக வரும்வரை கை காட்டுவார். வண்டி ஒரு சாண் கூடுதலாக வந்துவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

கலப்பையைத் தாங்குவது மும்முனை இணைப்பு. கீழே இரண்டு கைகள். மேலே ஒரு தண்டு. இதை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1939-இல் வெளிவந்த ஃபோர்டு டிராக்டரில் இடம்பெற்ற பின் இது உலகெங்கும் பரவியது.

விரைவு இணைப்பி என்பது இம்மூன்று முனைகளிலும் நிலையாகப் பொருத்தப்படும் இரும்புச் சட்டம். வண்டியைப் பின்னுக்குக் கொண்டுவந்து சட்டத்தை உயர்த்தினால், அதன் கொக்கிகள் கலப்பையின் முளைகளைப் பற்றிக்கொள்ளும். நடுவே ஆள் நிற்க வேண்டியதில்லை. அப்படியானால் உடனே வாங்கிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். நெம்புகோல் தத்துவம் என்ன சொல்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

டிராக்டரின் எடை 2000 கி.கி. என்றும், அதில் 700 கி.கி. முன்சக்கரங்களின் மேல் இருப்பதாகவும் கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். தூக்கிய கலப்பையின் எடை 400 கி.கி.; அதன் ஈர்ப்பு மையம் பின்னச்சிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் உள்ளது. பின்னச்சே இங்கு ஆதாரப்புள்ளி.

திருப்புத்திறன் = 400 × 1.5 = 600
முன்புறம் குறையும் எடை = 600 ÷ 2 = 300 கி.கி.

ஆகவே முன்சக்கரங்களில் எஞ்சுவது 400 கி.கி. இது டிராக்டர் எடையில் 20 விழுக்காடு. இதற்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. முன்சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மேட்டில் ஏறும்போது முன்புறம் தூக்கிக்கொள்ளும்.

இனிச் சட்டத்தைச் சேர்ப்போம். அதன் எடை 50 கி.கி.; பின்னச்சிலிருந்து அதன் தொலைவு 0.95 மீட்டர். அது கலப்பையையும் 10 செ.மீ. பின்னுக்குத் தள்ளுகிறது.

திருப்புத்திறன் = (400 × 1.6) + (50 × 0.95) = 687.5
முன்புறம் குறையும் எடை = 344 கி.கி. (ஏறத்தாழ)

எஞ்சுவது 356 கி.கி. மட்டுமே! பத்து சென்டிமீட்டர் அற்பமானதன்று என்பது விளங்குகிறதல்லவா? இதை ஈடுகட்ட, முன்னச்சுக்கு 50 செ.மீ. முன்னால் 35 கி.கி. எடைக்கட்டிகளைத் தொங்கவிட வேண்டும்.

இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதல் வகை இணைப்பில் கீழ்முளையின் விட்டம் 22 மி.மீ.; இரண்டாம் வகையில் 28 மி.மீ. கருவியும் சட்டமும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். மேலும், கலப்பையைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போதிய நீளம் செருகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கலப்பை பின்னுக்குப் போனால் இந்த நீளம் குறையும்.

சிறிய டிராக்டருக்கு, கீழ்க்கைகளின் நுனியிலேயே கொக்கி அமைந்த வகை ஏற்றது. தனிச் சட்டம் இல்லாததால் கூடுதல் எடையும் தொலைவும் மிகக் குறைவு. முன்புறம் நல்ல பளு உள்ள பெரிய டிராக்டருக்குச் சட்டமே வசதி. எதுவாயினும், வண்டி நகரும்போது நடுவே எவரும் நிற்கலாகாது.

பயிற்சி: இதே டிராக்டரில் சட்டமின்றி 300 கி.கி. எடையுள்ள சட்டிக் கலப்பையைப் பூட்டுகிறோம். அதன் ஈர்ப்பு மையம் பின்னச்சிலிருந்து 1.4 மீட்டர். முன்சக்கரங்களில் எஞ்சும் எடை எவ்வளவு?
(விடை: 490 கி.கி.)