பித்தக்கல் அழற்சிகளும் அவசர உள்நோக்குச் சிகிச்சையும்

பெங்களூரின் காக்ஸ் டவுன் பழைய தண்டுப் பகுதியைச் சார்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். அங்கும், தமிழர் வாழும் பிற ஊர்களிலும், கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துச் சில நாள் காத்திருப்பது நெடுநாளைய வழக்கம். கல்லீரல் அழற்சியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிவதால் இவ்வழக்கத்துக்கு நற்பெயர் கிட்டியது. பித்தக்கல் வழியை அடைத்து வரும் காமாலையிலோ, அச்சில நாள்களே உயிரைக் கொண்டுபோகக்கூடும்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் தங்கிச் செறிந்து, பொதுப் பித்தநாளத்தின் வழியே முன்சிறுகுடலை அடைகிறது. கணையத்தின் நாளமும் ஏறத்தாழ அதே வாயிலில் வந்து திறக்கிறது. இரண்டு வாய்க்கால்களுக்கு ஒரே மதகு அமைந்தாற்போன்றது இது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அம்மதகில் சிக்கினால் இரு பக்கமும் கேடு விளையும். கணைய அழற்சியால் இறந்தவரின் உடலில் இவ்வாறு சிக்கியிருந்த கல்லை அமெரிக்க மருத்துவர் யூஜீன் ஓபி 1901-இல் கண்டு எழுதினார்.

பித்தநாள அழற்சியில், தேங்கிய பித்தநீரில் நுண்கிருமிகள் பெருகுகின்றன. நாளத்தினுள் அழுத்தம் ஏற ஏற அவை குருதியில் கலக்கின்றன. நடுக்கத்துடன் காய்ச்சல், காமாலை, வலது மேல்வயிற்றில் வலி ஆகிய மூன்றையும் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1877-இல் இதன் குறிகளாக உரைத்தார். மூன்றும் ஒருங்கே தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது; முதியோரிடம் அறிவு மயக்கமே முதலில் தென்படலாம். கிருமிக்கொல்லி மருந்து இன்றியமையாதது; ஆயினும் அடைப்பு நீங்காதவரை அது முழுப் பயன் தராது.

அடைப்பை நீக்க, பக்கவாட்டில் நோக்கும் வளைகுழல் ஒன்றை வாய்வழியே முன்சிறுகுடல்வரை செலுத்துவர். மின்சாரம் பாயும் நுண்கம்பியால் வாயிலின் தசைவளையத்தைச் சிறிது கீறிக் கல்லை வெளியே இழுப்பர். இம்முறையை ஜப்பானியரும் ஜெர்மானியரும் 1974-இல் தனித்தனியே வெளியிட்டனர். நோயாளி மிகத் தளர்ந்திருப்பின் கல்லை அப்படியே விட்டு, ஒரு சிறு பிளாஸ்டிக் குழலை மட்டும் பொருத்திப் பித்தநீரை வடிய விடுதலே அறிவுடைமை. ஹாங்காங்கில் கடும் பித்தநாள அழற்சியுற்ற 82 பேரிடம் நடந்த ஆய்வு 1992-இல் வெளிவந்தது: அறுவை செய்யப்பட்ட 41 பேரில் 13 பேரும், உள்நோக்குமுறையில் வடிக்கப்பட்ட 41 பேரில் 4 பேரும் மாண்டனர். குருதியழுத்தம் சரிந்த நோயாளிக்கு 12 மணி நேரத்துக்குள் வடித்துவிட வேண்டும் என்பது இன்றைய நெறி.

கணைய அழற்சியின் நிலை வேறு. மேல்வயிற்று வலி முதுகுவரை ஊடுருவும், வாந்தி ஓயாது. ஆனால் கல் பெரும்பாலும் தானே குடலுள் விழுந்துவிடும். கடுமையாகக்கூடுமெனக் கருதப்பட்ட, ஆனால் பித்தநாளத் தொற்று இல்லாத 232 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவசர உள்நோக்குச் சிகிச்சை அவர்களுக்குத் தெளிவான நன்மை தரவில்லை என 2020-இல் அறிவித்தனர். அச்சிகிச்சையே சிலரிடம் கணைய அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதும் நினைவிற்குரியது. எனவே நரம்பு வழியே நீரேற்றி, வலி தணித்து, கூர்ந்து கவனித்தலே முறை; நடுக்கக் காய்ச்சல் சேர்ந்தால் மட்டும் விரைதல் வேண்டும்.

இந்திய இரயில்வே ஊழியரிடையே பித்தக்கல் வடக்கில் தெற்கைவிட ஏழு மடங்கு மிகுதி என்று மல்ஹோத்ரா 1968-இல் எழுதினார். தெற்கே இந்நோயை எண்ணாமலே விடுவதற்கு இத்தகைய கருத்தும் ஒரு காரணமாகலாம். தெற்கில் மிகுதியாகக் காணும் நிறமிக் கல்லும் நாளத்தை அடைக்க வல்லதே.

களப்பணியாளர் கேட்க வேண்டியவை சிலவே: சிறுநீர் கறுத்ததா, மலம் வெளுத்ததா, குளிர் நடுக்கம் உண்டா, பேச்சு தடுமாறுகிறதா? ஐயம் எழுந்தால், இரவிலும் உள்நோக்குச் சிகிச்சை நடைபெறும் மருத்துவமனை எது என விசாரித்து நேரே அங்கு அனுப்புதல் நலம். கல் நீங்கியபின்னும் பித்தப்பையில் வேறு கற்கள் தங்கியிருக்கும். கணைய அழற்சி இலேசானதாயின், வீடு திரும்புமுன்னரே பித்தப்பையையும் அகற்றிவிடுவர்.