கான் வெட்டில் தெரியும் கடல்

படிவுப்பாறை என்றதும் மலைச்சரிவில் வரிவரியாகத் தெரியும் பாறைகளே நம் நினைவுக்கு வரும். சமதரையான சுங்கை செம்பிலாங், ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் அத்தகைய அடுக்குகளை எங்கே காண்பது? புவியியல் படிக்கத் தொடங்கிய பின் நான் கண்டறிந்த இடம், தோட்டத்துக் கான். நீர் வடிய நம்மவர்கள் வெட்டிய கானின் பக்கச்சுவரே நமக்கு எளிதில் கிடைக்கும் பாடநூல்.

பெயரும் பரப்பும்

இங்குள்ள சாம்பல்நிறக் கடற்களிமண் ‘கூலா படிவத்தொகுதி’யைச் சேர்ந்தது. பேராக் மாநிலத்துக் கோல கூலாவின் பெயரால் அமைந்த தொகுதி இது. 1980களில் இதனை வரையறுத்த மலேசியப் புவியியலாளர்களுள் சுந்தரலிங்கமும் ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தீபகற்பத்தின் மேற்குக் கடலோரச் சமவெளியில் இது நீண்டு பரந்துள்ளது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. இன்னும் பாறையாக இறுகாத இளம்படிவு இது.

அடுக்குகள்

இதற்குக் கீழே இருப்பது ‘சிம்பாங்’ தொகுதி. அது ஆறுகள் கொணர்ந்த பழைய சரளை, மணல், களிமண். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி தரையாகக் கிடந்தது. பனிப்பாறைகள் உருக, கடல் ஏறியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் சில மீட்டர் தாண்டி நின்று, பிறகு பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற சேறே கூலா தொகுதி. உள்நாட்டில், ராஜா மூசா காட்டுப் பக்கம், அதன்மேல் கரிச்சதுப்பு மண் படிந்தது.

புதைபடிவங்கள்

இக்களிமண்ணில் சிப்பி ஓடுகளும் பாக்காவ் மரத்துண்டுகளும் கிடைக்கும். நுண்ணோக்கியில் கடல்வாழ் ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகளும் கண்டல் மரங்களின் மகரந்தமும் தென்படும். பாக்காவ் மகரந்தம் மிகுந்த அடுக்கு, கரை அருகிலிருந்த காலத்தைக் காட்டும்.

உறங்கும் அமிலம்

இந்த அடுக்கு பழங்கதை மட்டுமன்று. பாக்காவ்ச் சேற்றில் காற்றுப்படாத நிலையில், கடல்நீரின் கந்தகமும் மண்ணின் இரும்பும் சேர்ந்து ‘பைரைட்’ எனும் கனிமமாகின்றன. நீருக்கடியில் இருக்கும்வரை தீங்கில்லை. கானை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினால் நீர்மட்டம் இறங்கும். காற்றுப்பட்டு பைரைட் கந்தக அமிலமாகும். மண்ணில் வைக்கோல்நிறப் புள்ளிகள் தோன்றும், கானில் துருநிற நீர் ஓடும், செம்பனை வாடும், மீன் சாகும். மடை அமைத்து, நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேல் நிறுத்துவதே தடுக்கும் வழி. ஆக, கான் எவ்வளவு ஆழம் என்பதில் ஒரு தோட்டத்தின் விளைச்சலே அடங்கியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தறிந்த மரபு நம்முடையது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவரும் இந்நாளில், கான்கள் மூடப்படுகின்றன. ஆனால் அதே மென்களிமண்மீதுதான் வீடுகளும் எழுகின்றன. முளையடித்து அடித்தளம் இடாவிடில் தரை அமிழும், சுவர் வெடிக்கும். எத்தனை அடியில் சாம்பல்மண் வந்தது, எங்கே சிப்பி கிடைத்தது என்பதைக் கான் வெட்டிய பெரியவர்கள் அறிவார்கள். நண்பர்களே, அடுத்த விடுமுறையில் அவர்களிடம் கேளுங்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்திற்கு எட்டாத பல தகவல்கள் அவர்களிடம் இருக்கின்றன.