காங்கிரா யாத்திரை: கல்லும் ஏடும் கற்பிக்கும் பாடம்

யாத்திரை கால்களுக்கு மட்டும் உரிய செயல் அன்று. கண்ணுக்கும் கருத்துக்கும் உரியது. தலங்களைக் கண்டு வணங்கித் திரும்புவோர் பலர்; கண்டவற்றின் பொருளையும் உணர்ந்து திரும்புவோர் சிலரே. வடநாட்டு யாத்திரை என்றவுடன் நம் இல்லங்களில் சம்மேதசிகரம், பாவாபுரி, சம்பாபுரி, கிர்நார் ஆகிய தலங்களே நினைவுக்கு வருகின்றன. இமயமலையின் அடிவாரத்திலும், இமாசலப் பிரதேசத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில், ஆதிபகவானுக்குரிய பழந்தலம் ஒன்று உண்டு என்பதை நம்மவருள் அறிந்தோர் குறைவு. அப்பள்ளத்தாக்கை நான்கு நாள்களில் சுற்றிவரும் முறையை இங்கே பாடமாக அமைத்துத் தருகிறேன்.

பாடத்திற்கு முன் ஒரு கருவி வேண்டும். அது ஒரு சிறு குறிப்பேடு. அதன் பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக் கொள்க. முதற்பத்தியின் தலைப்பு ‘கண்டது’, இரண்டாவது ‘கேட்டது’, மூன்றாவது ‘தெளிந்தது’. கல்லில் எழுதப்பட்டிருப்பது முதற்பத்திக்கு உரியது. உடன் வருவோர் கூறும் வரலாறு இரண்டாம் பத்திக்கு உரியது. இரண்டையும் ஒப்பிட்டு நாம் முடிவுசெய்வது மூன்றாம் பத்திக்கு உரியது. கேட்டதைக் கண்டதாகக் கொள்ளாமையும், கேட்டதாயிற்றே என்று அதனை இகழாமையும் கற்றோர்க்கு அழகு.

முதல் நாள்: கோட்டையும் ஆதிநாதரும்

பஞ்சாபின் எல்லையிலுள்ள பதான்கோட்டிலிருந்து காங்கிராவுக்குச் சாலை வழியே செல்லலாம். வடக்கே தௌலாதார் மலைத்தொடர் பனிமுடி சூடி நிற்கும். பாணகங்கையும் மாஞ்சி ஆறும் கூடுமிடத்தில், செங்குத்தான மேட்டின்மேல் காங்கிராக் கோட்டை எழுந்துள்ளது. நகர்கோட்டம் என்பது இதன் பழம்பெயர். 1009இல் கஜினி மாமூதும், 1620இல் ஜஹாங்கீரின் படையும் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1905 ஏப்ரல் 4ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இப்பகுதியில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்; கோட்டையும் சிதைந்தது. நகரிலுள்ள வஜ்ரேசுவரி கோயில் அன்று இடிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

கோட்டையின் உள்ளே, இலக்குமி நாராயணர் கோயிலின் சிதைவுகளும் அம்பிகை கோயிலும் உள்ள இடத்திற்கு அருகே, சிறிய ஜினாலயம் ஒன்று உள்ளது. அதில் ஆதிநாதர் அமர்ந்த திருக்கோலத்தில் எழுந்தருளியுள்ளார். முதலாம் சன்சார் சந்து என்னும் அரசர் காலத்தில், விக்கிரம ஆண்டு 1523இல் அமைந்தது என்பதை இப்படிமத்தின் எழுத்துகள் தெரிவிக்கின்றன.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கற்பிக்கலாம். விக்கிரம ஆண்டிலிருந்து 57ஐக் கழித்தால் பெரும்பாலும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். ஆண்டின் கடைசித் திங்கள்களாயின் 56ஐக் கழிக்க வேண்டும். ஆகவே 1523 என்பது கி.பி. 1466 ஆகும். இது ‘கண்டது’ என்னும் பத்திக்கு உரியது.

இத்தலத்தை மகாபாரதத்தில் வரும் திரிகர்த்த நாட்டு மன்னன் சுசர்மன், நேமிநாத தீர்த்தங்கரர் காலத்தில் நிறுவினான் என்பது வழிவழி வந்த செய்தி. இது ‘கேட்டது’ என்னும் பத்திக்கு உரியது. இரண்டும் ஒரே தலத்தைப் பற்றியவை. எனினும் இரண்டும் ஒரே வகைச் சான்றுகள் அல்ல.

கோட்டையின் அடிவாரத்தில் புதிய ஜினாலயமும் யாத்திரிகர் தங்குமிடமும் உள்ளன. 1978இல் சாத்வி மிருகாவதி காங்கிராவில் மழைக்கால நோன்பிருந்தார். இவை சுவேதாம்பர மரபைச் சார்ந்தவை. படிமங்களுக்குக் கண் பதித்து அலங்காரம் செய்யும் வழக்கம் நம் திகம்பர இல்லத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தோன்றும். “இது ஏன் நம் ஊர்க் கோயிலைப் போல இல்லை?” என்று அவர்கள் கேட்பர். அநேகாந்தத்தை விளக்க அதனினும் ஏற்ற தருணம் வாய்ப்பது அரிது.

ஒரு கடிதத்தின் வரலாறு

கோட்டையில் இன்று நாம் காண்பது ஒரு சிறு கோயிலே. முற்காலத்தில் நகர்கோட்டத்தில் ஜினாலயங்கள் பல இருந்தன என்று கூறுகிறோமே, அதனை எவ்வாறு அறிந்தோம்? ஒரு கடிதத்தால் அறிந்தோம்.

துறவியர் தம் குருவுக்குப் பணிவுடன் எழுதும் விண்ணப்ப மடலுக்கு ‘விஜ்ஞப்தி’ என்று பெயர். ஜயசாகர உபாத்தியாயர் என்னும் சுவேதாம்பர முனிவர், சிந்து நாட்டின் பரீத்புரத்திலிருந்து யாத்திரைக் கூட்டத்துடன் புறப்பட்டு நகர்கோட்டம் சென்றார். அது விக்கிரம ஆண்டு 1484. பயணத்தின் வழியையும், கண்ட ஊர்களையும், வணங்கிய ஜினாலயங்களையும், அரசன் நரேந்திரசந்திரனைச் சந்தித்ததையும் தம் ஆசாரியர் ஜினபத்திர சூரிக்கு விரிவாக எழுதினார். ‘விஜ்ஞப்தி திரிவேணி’ என்னும் அம்மடலை முனி ஜினவிஜயர் பதிப்பித்து, 1916இல் அச்சில் கொணர்ந்தார்.

அம்மடல் எழுதப்பட்டபோது அதில் வியப்பு ஒன்றும் இருந்திராது. சென்றார், கண்டார், குருவுக்கு எழுதினார், அவ்வளவே. ஆயினும் கோயில்கள் போயின, அரசு போயிற்று, கோட்டையும் சிதைந்தது. மடல் எஞ்சியது. அது இல்லையேல், இக்கோட்டையில் எஞ்சிய ஒற்றைப் படிமத்தைக் கண்டு, ‘எவரோ ஒருவர் இங்கே கொணர்ந்து வைத்தது போலும்’ என்று நாம் கடந்து சென்றிருப்போம்.

இரண்டாம் நாள்: மஸ்ரூர்

காங்கிராவுக்கு மேற்கே மஸ்ரூர் என்னும் சிற்றூரில், ஒரே மணற்பாறைக் குன்றைக் குடைந்தும் செதுக்கியும் அமைத்த கோயில் தொகுதி உள்ளது. இது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். சிகரங்கள் பல அடுக்காக எழ, முன்னே உள்ள குளத்தில் அவற்றின் நிழல் தோன்றும். 1905ஆம் ஆண்டு நிலநடுக்கம் இதனையும் சிதைத்தது.

நம்மவர்க்கு இதனைக் கண்டவுடன் கழுகுமலை நினைவுக்கு வரும். அங்கே வெட்டுவான் கோயிலும் மலைப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி அமைத்ததே, அதுவும் 8ஆம் நூற்றாண்டினதே, முற்றுப்பெறாதது. அதே மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குரத்தியர் எனப் பெற்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு.

மஸ்ரூரின் பெருங்கோயிலைச் செய்வித்தவர் யார்? அதனைக் கூறும் கல்வெட்டு அங்கே இல்லை. ஒரு குன்றையே கோயிலாக்கியவரின் பெயர் தெரியவில்லை; கழுகுமலையில் ஒரு முழ உருவத்தைச் செய்வித்தவரின் பெயர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளது. வேறுபாடு செல்வத்தில் இல்லை. ஒரு வரி எழுத்தில் உள்ளது.

மூன்றாம் நாள்: பைஜ்நாத்

காங்கிராவிலிருந்து கிழக்கே, பாலம்பூரின் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து பைஜ்நாத்தை அடையலாம். இதன் பழம்பெயர் கீரகிராமம். இங்குள்ள சிவன் கோயிலை மன்யுகன், ஆஹுகன் என்னும் வணிகச் சகோதரர் இருவர் கட்டுவித்தனர். 1204ஆம் ஆண்டைக் குறிக்கும் நெடிய சாரதா எழுத்துக் கல்வெட்டு அங்கே உள்ளது.

அதே கோயிலில் சூரியன் சிலை ஒன்று உண்டு. அதன் பீடம் சூரியனுக்காகச் செய்யப்பட்டது அன்று. அப்பீடத்தின் எழுத்துகளைப் படித்த அறிஞர் பியூலர், அவை வர்த்தமான மகாவீரர் படிமத்திற்கு உரியவை என்பதை வெளிப்படுத்தினார். கீரகிராமத்தில் மனு என்னும் வணிகரின் மக்கள் தோல்ஹணன், ஆல்ஹணன் ஆகிய இருவரும் மகாவீரர் கோயில் ஒன்றை எடுப்பித்து, அதன் மூலப்படிமத்தைச் செய்வித்தனர் என்பது செய்தி. காலம் விக்கிரம ஆண்டு 1296, பால்குன மாதம். ஆண்டின் இறுதி மாதம் ஆதலின் 56ஐக் கழித்து, கி.பி. 1240 என்று கொள்க.

ஆக, ஒரே சிற்றூரில் 36 ஆண்டு இடைவெளியில் இரண்டு வணிகச் சகோதரர்கள் சிவனுக்கும், வேறு இரண்டு வணிகச் சகோதரர்கள் மகாவீரருக்கும் கோயில் எடுத்தனர். சிவன் கோயில் நிற்கிறது. மகாவீரர் கோயில் இன்று இல்லை. அதன் பீடம் மட்டும் அண்டைக் கோயிலில் நிற்கிறது.

இதனைக் கேட்டவுடன் சிலர்க்குச் சினம் எழலாம். இங்கேதான் மூன்றாம் பத்தி பயன்படுகிறது. மகாவீரர் கோயில் எவ்வாறு மறைந்தது? வெள்ளத்தாலா, நிலநடுக்கத்தாலா, பூசிப்போர் ஊரைவிட்டு அகன்றமையாலா, பிறர் செயலாலா? பீடம் அதனைக் கூறவில்லை. கூறாததை நாமே கூறிக்கொண்டு பகை வளர்ப்பது சத்திய விரதத்திற்கு ஏற்றதன்று. அப்பீடம் சூரியன் சிலையைத் தாங்கி நின்றமையாலேயே உடைபடாமல் நம் கைக்கு வந்தது என்பதும் எண்ணத்தக்கது. பீடத்தில் எழுத்து இருந்தமையால் உண்மை தெரிந்தது. எழுத்தில்லாப் பீடங்கள் எத்தனை மௌனமாக எங்கெங்கு நிற்கின்றனவோ!

நான்காம் நாள்: தர்மசாலை

தர்மசாலைக்கு அருகில் கனியாரா என்னும் இடத்தில் பெரும்பாறைகளில் பழைய எழுத்துகள் உள்ளன. ஒரே செய்தி பிராமி, கரோஷ்டி என்னும் இரு எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கிருஷ்ணயசஸ் என்பவரின் ‘ஆராமம்’, அதாவது சோலைப்பள்ளி, என்பது பொருள். நம் நாட்டு மலைக்குகைகளில் துறவியர் படுக்கைகளுக்கு அருகே தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கண்டவர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

தர்மசாலையில் திபெத்திய அகதிகள் வாழ்கின்றனர். தலாய்லாமா 1960 முதல் இங்கே வாழ்ந்து வருகிறார். 1970இல் திபெத்திய நூல்கள் மற்றும் ஆவணங்களுக்கான நூலகம் நிறுவப்பெற்றது. பனிமலைகளைக் கடந்து உயிருக்கு அஞ்சி வந்தவர்கள் சுமந்து வந்த பொருள்களுள் சுவடிகளும் இருந்தன. இந்தியாவில் மூலம் மறைந்துபோன வடமொழிப் பௌத்த நூல்கள் பல, திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டுமே இன்று கிடைக்கின்றன என்பதை இங்கே நினைவிற் கொள்க.

அந்நூலகத்தின் முன் நிற்கும் தமிழ் ஜைனர்க்கு ‘வளையாபதி’ நினைவுக்கு வராமல் இராது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அது நம் முன்னோர் ஆக்கிய நூல். இன்று எஞ்சியிருப்பவை 70ஐ ஒட்டிய பாடல்களே. அவையும் பிறர் தம் உரைகளிலும் தொகைநூலிலும் எடுத்தாண்டமையால் பிழைத்தவை. ‘சீவக சிந்தாமணி’யின் வரலாறோ வேறு. உ.வே. சாமிநாதையர் 1887இல் அதனைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்து ஜைனர்கள் தம் இல்லங்களில் வழிவழியாக ஓதிவந்த அந்நூலின் சமயப் பொருளை அவருக்கு விளக்கினர். ஒரு நூலை நாம் ஓதினோம், ஏட்டைக் காத்தோம்; அது வாழ்ந்தது. மற்றொன்றின் ஏடு எந்த இல்லத்தின் பரணில் செல்லரித்ததோ, அறியோம்.

யாத்திரிகர்க்குச் சில குறிப்புகள்

மார்ச்சு முதல் ஜூன் வரையிலும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையிலும் செல்லலாம். தர்மசாலையில் பருவமழை மிகக் கடுமையானது, மண்சரிவும் உண்டு. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகருக்குச் செல்லும் 164 கிலோமீட்டர் குறுகிய இருப்புப்பாதை 1929இல் தொடங்கப்பெற்றது. 2022 ஆகஸ்டில் சக்கி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்தமையால் போக்குவரத்துத் தடைப்பட்டது. ரயிலில் செல்ல விரும்புவோர் முன்னரே விசாரித்துக் கொள்க. குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்தரை மணியளவிலேயே கதிரவன் மறைவான். இரவுண்ணா நோன்புடையோர் அதற்கேற்ப உணவு வேளையை அமைத்துக் கொள்க. நீர் வடிகட்டும் துணியைக் கைப்பையிலேயே வைத்திருத்தல் நலம். கோட்டையில் ஏற்றமும் படிகளும் உண்டு. முதியோர் காலை வேளையில் செல்க.

இல்லத்தில் செய்யவேண்டிய பயிற்சி

காங்கிரா சென்றோர்க்கும் செல்லாதோர்க்கும் இப்பாடத்தின் பயிற்சி ஒன்றே. நம் சிற்றூர்களில் பல இல்லங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் நகரங்களிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊர் ஜினாலயத்தின் படிமங்களுள் எதனை எவர் செய்வித்தார், வயலில் நிற்கும் அருகன் திருவுருவம் எந்தக் கோயிலுக்கு உரியது என்பவற்றை அறிந்தவர்கள் எண்பது வயதைக் கடந்த ஓரிருவரே. அவர்கள் நினைவு ஏட்டில் ஏறாமல் போனால், அதனை மீட்க நமக்கு ஒரு ஜயசாகரர் வாய்க்கப் போவதில்லை. ஆகவே பின்வரும் வினாக்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் விடை எழுதுக:

1. உங்கள் ஊர் ஜினாலயத்தின் மூலவர் யார்? அவருடைய இலாஞ்சனம் எது?

2. கோயிலிலும் ஊர்ப்புறத்திலும் எழுத்துள்ள கற்கள் எத்தனை? அவை எங்கெங்கு உள்ளன?

3. உங்கள் இல்லத்தில் ஏட்டுச்சுவடியோ, பழைய கையெழுத்துப் பிரதியோ, கடிதமோ உள்ளதா?

4. ஊர் முதியோர் கூறும் வரலாறு யாது? கூறியவர் பெயர், வயது, எழுதிய நாள் ஆகியவற்றைக் குறித்தீர்களா?

கண்டதையும் கேட்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுக. பெயரும் நாளும் இடாமல் எதனையும் முடிக்க வேண்டா. ஒரு படியை இல்லத்திலும், மற்றொரு படியைக் கோயிலிலும் வைக்க. முதல் விடையை, நான்காம் வினாவுக்கு உரிய முதியவர் அருகில் அமர்ந்து, இவ்வாரமே எழுதத் தொடங்குக.