முதலில் பதிவு, பிறகு பகிர்வு: வகுப்பறையில் ஒரு காப்புரிமைப் பாடம்

"அப்ப இது என்னோடது இல்லையா சார்?"

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட இந்தக் கேள்விதான் இக்கட்டுரை எழுதக் காரணம். அவளுடைய அம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். நாள் முழுக்கக் குனிந்து காய் பொறுக்கும் அம்மாவின் முதுகுவலியைப் பார்த்த அந்த மாணவி, வெவ்வேறு துளை அளவுள்ள மூன்று சல்லடைகளைச் சாய்வாக அடுக்கி, காலால் மிதித்து ஆட்டும்படி ஓர் அமைப்பைச் செய்து வந்தாள். மகிழ்ச்சியில் அதைக் காணொளியாக எடுத்து, எனக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அன்றே போட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வந்த பேராசிரியர், "காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்றா?" என்று கேட்டார். காணொளியைப் பற்றிச் சொன்னேன். "விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்கெல்லாம் காட்டிவிட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடுமே" என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

காப்புரிமை பற்றி நான் அதுவரை படித்ததே இல்லை. அதன் பிறகு படித்தேன். வகுப்புக்கு எடுத்துச் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடியபோது, அது எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலேயே இருந்தது. இணைய இணைப்பு தரும் வைஃபை மோடம்தான் அது.

மோடத்துக்கு ஏன் இரண்டு கொம்பு?

மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி இது. ஒரே அலைவரிசையில் இரண்டு ஆண்டெனாக்கள் வெவ்வேறு செய்திகளை அனுப்பினால் இரண்டும் கலந்து குழம்பிவிடாதா? குழம்பாமல் பிரித்தெடுக்க வழி சொன்னவர்களில் முன்னோடி, பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ்.

இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அவர், டெல்லி ஐ.ஐ.டி.யில் 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டார். பின்னர் 'அப்சோ' என்னும் உள்நாட்டுச் சோனார் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். சோனார் என்பதே எதிரொலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கலைதானே!

பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், புனேயில் பிறந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992 பிப்ரவரியில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது 1994 செப்டம்பரில் வழங்கப்பட்டது. எண் 5,345,599. அதிவேகச் செய்தியைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி ஆண்டெனாக்கள் வழியே ஒரே அலைவரிசையில் அனுப்புவதும், பெறும் இடத்தில் பல ஆண்டெனாக்களைக் கொண்டு அவற்றைப் பிரித்துச் சேர்ப்பதும்தான் அதன் சாரம். இன்று 'மிமோ' என்று அழைக்கப்படும் இந்த நுட்பம் 4ஜி அலைபேசியிலும், 2009இல் வெளியான வைஃபை தரநிலை முதலும் இடம்பெற்றுள்ளது. பால்ராஜுக்கு 2010இல் பத்மபூஷண் விருதும் 2014இல் மார்க்கோனி பரிசும் கிடைத்தன.

கரும்பலகையில் மிமோ

இதைக் கற்பிக்க ஒன்பதாம் வகுப்புப் பாடங்களே போதும். அறிவியலில் எதிரொலி இருக்கிறது. கணக்கில் ஒருங்கமைச் சமன்பாடுகள் இருக்கின்றன.

இருபுறமும் மலை சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் எதிரொலியை விளக்க வேண்டியதில்லை. கூப்பிட்ட குரல் மலையில் மோதித் திரும்பும். வானொலி அலைகளும் சுவர், கட்டடம், குன்று ஆகியவற்றில் மோதிப் பல வழிகளில் வந்து சேரும். நெடுங்காலம் பொறியாளர்கள் இதைத் தொல்லையாகவே பார்த்தார்கள். மிமோ அதையே துணையாக்கிக்கொண்டது.

இரண்டு மாணவர்களிடம் ஒவ்வோர் எண்ணை எழுதி மறைத்துக்கொள்ளச் சொன்னேன். அவை x, y. 'பெறும் ஆண்டெனா'க்களாக நின்ற மற்ற இருவருக்கும் கலவைகளை மட்டும் கொடுத்தேன்.

2x + y = 8
x + 3y = 9

வகுப்பே தீர்த்தது: x = 3, y = 2. பிறகு இரு கலவைகளையும் x + y = 5 என்றே கொடுத்தேன். தீர்க்க முடியவில்லை. 1, 4 என்றும் சொல்லலாம்; 2, 3 என்றும் சொல்லலாம். அலைகள் வெவ்வேறு வழிகளில் மோதி வருவதால்தான் இரு சமன்பாடுகளும் வேறுபடுகின்றன என்பது அங்கேயே புரிந்தது.

"2, 1, 1, 3 என்ற கெழுக்கள் மோடத்துக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவன் கேட்டான். முன்பே தெரிந்த ஒரு சமிக்ஞையை முதலில் அனுப்பி அளந்துகொள்ளும் என்றேன். x = 1, y = 0 என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் அவனே கண்டுகொண்டான்.

"அப்ப எங்க ஊர்ல மலை மறைச்சு நெட்டே வர மாட்டேங்குதே?" என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்வி. அலையே வந்து சேராத இடத்தில் மிமோவாலும் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காப்புரிமை என்பது என்ன?

பலர் நினைப்பதுபோல அது ரகசியம் அல்ல. கண்டுபிடித்தவர் தம் முறையை முழுமையாக எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, இந்தியாவில் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவருக்கு உரிமை உண்டு. அதன்பின் அது எல்லோருக்கும் பொது. பால்ராஜ், கைலாத்தின் அந்தக் காப்புரிமையும் காலம் முடிந்து இன்று பொதுவாகிவிட்டது. கண்டுபிடிப்பு புதியதாகவும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும், தொழிலில் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியவை சில:

1. மாணவரின் படைப்பை நாளிட்டு, படம் வரைந்து ஒரு குறிப்பேட்டில் எழுத வைப்போம்.
2. விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் காணொளியோ செய்தியோ வெளியிட வேண்டாம். அரசு அறிவித்த கண்காட்சிகள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே சட்டத்தில் உண்டு.
3. முழு விவரம் தயாராகாவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் கொடுக்கலாம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் தர வேண்டும். காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.
4. கண்டுபிடித்தவர் பெயராக மாணவரின் பெயரே இருக்கட்டும்.

அந்த மாணவியிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். காணொளியைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் கருவியில் புதிதாகச் செய்யும் மேம்பாட்டுக்குத் தனியே விண்ணப்பிக்க வழி உண்டு என்றும் சொன்னேன். இப்போது சல்லடைத் துளையில் காய் சிக்காமலிருக்க ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். என்னவென்று நான் கேட்டதற்கு, "நோட்டுல எழுதிட்டேன் சார். போன எடுக்காம வாங்க, காட்டுறேன்" என்றாள்.