குளம் நிறைந்தால் கிணறு நிறையும்

எமது ஊரின் தண்ணீர் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விழைகின்றேன். மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஆலயத்துக்குச் சிறப்பு என்பர். முதலிரண்டுக்கும் நாம் செய்த திருப்பணிகள் பல. தீர்த்தத்துக்குச் செய்தது யாது?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டு மழையின் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்துவிடுகின்றது. ஏனைய மாதங்களில் கிணறே எமக்குக் கதி.

நிலத்தின் கீழே

எமது மண்ணுக்கு அடியிலுள்ளது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் உவர்நீர் கீழிருந்து 40 அடி வரை எழக்கூடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது கண்கண்ட சான்று.

குளத்தின் பணி

எமது ஊர்க் குளங்கள் மாடு குளிப்பாட்டவும் வயலுக்குப் பாய்ச்சவும் மட்டும் அமைந்தவையல்ல. வெள்ளம் கடலுக்கு ஓடாமல் மறித்து, மெல்ல நிலத்துக்குள் இறக்குவதே அவற்றின் பெரும்பணி. கோடையில் குளம் வற்றியதும் கமக்காரர் வண்டலை வெட்டித் தோட்டத்துக்குப் பசளையாக ஏற்றினர். தோட்டமும் செழித்தது, நீர் இறங்கக் குளத்தின் அடியும் திறந்தது. செயற்கைப் பசளை வந்தபின் அவ்வழக்கம் அருகிற்று. துலா இருந்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. எடுப்பது கூடிற்று, இறக்குவது குறைந்தது.

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் செய்யப்பட்ட ஈரநில உடன்படிக்கையில், மனிதர் வெட்டிய குளங்களும் ஈரநிலங்களே. இலங்கை 1990இல் அதில் இணைந்தது. புத்தளம் மாவட்டத்தின் ஆனைவிழுந்தாவ குளத்தொடர் 2001இல் அப்பட்டியலில் சேர்ந்தது. எமது நாட்டில் குளங்களைக் காக்கும் ஏற்பாடுகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் உள்ளன.

ஒரு விண்ணப்பம்

வடக்கு வீதிக் குளத்தை நிரவி வாகனத் தரிப்பிடம் ஆக்கலாம் என்றும், தீர்த்தக் கேணியின் அடிக்குச் சீமெந்து இடலாம் என்றும் அடியார் சிலர் நல்லெண்ணத்துடன் கூறுகின்றனர். அடியேனும் முன்னர் அவ்வாறு எண்ணியவனே. எனது வளவில் வெள்ளம் தேங்கிய பள்ளத்தை மண் போட்டு நிரவினேன். அயலவரும் அவ்வாறே செய்தனர். இன்று ஆவணி மாதத்தில் எமது கிணறுகளில் தேநீருக்கு எடுக்கும் தண்ணீரில் உவர்ப்புத் தெரிகின்றது. பள்ளம் நிரவியது ஒன்றே காரணம் என்று கூறேன். ஆயினும் அதில் என் பங்கும் உண்டு. குளத்தை நிரவியபின் வருந்திப் பயனில்லை.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன் நாம் செய்யத்தக்கவை:

1. குளத்துக்கு வரும் வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தல்.
2. வண்டலை மட்டும் அகற்றுதல். கடலை அண்டிய இடங்களில் அளவுக்கு மிஞ்சித் தோண்டினால் உவர்நீர் தலைகாட்டும்.
3. அன்னதானக் கழிவும் பொலித்தீனும் குளத்தில் சேராமல் தடுத்தல்.
4. மடத்துக் கூரையின் மழைநீரைக் குளத்துக்கு விடுதல்.
5. கேணியின் படிகளைத் திருத்தினாலும் அடியை மண்ணாகவே விடுதல்.

தடாகம் அமைத்தல் முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்று. எம் முன்னோர் குளம் வெட்டிக் கரையில் ஆவுரோஞ்சிக் கல்லும் நாட்டி வாயில்லாச் சீவனுக்கும் வழி செய்தனர். புதிதாக வெட்டும் பாரம் எமக்கில்லை; இருப்பதைக் காத்தாலே போதும். வாகனத்தை வீதியோரம் நிறுத்தலாம். தண்ணீரை எங்கே நிறுத்துவோம்?

அடியார்கள் இதனைச் சிந்தித்து அடுத்த பொதுக்கூட்டத்தில் நல்ல முடிவு எடுக்க எம்பெருமான் அருள்புரிய வேண்டுமென இறைஞ்சி அமைகின்றேன்.