டிஜிட்டல் கேமரா மக்கர் செய்கிறதா?

1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஒரு படத்தை கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. இன்று கண் இமைப்பதற்குள் படம் பதிந்துவிடுகிறது. ஆனால் கேமரா நின்றுபோனால் நாம் செய்வது மட்டும் மாறவில்லை. ரெண்டு தட்டு தட்டுவோம், அப்புறம் ஸ்குரூ டிரைவரைத் தேடுவோம்!

நண்பர்களே, லேபில் நமக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? முதலில் சப்ளை, பிறகு இணைப்பு, பிறகு செட்டிங், கடைசியில்தான் கருவி. அதே வரிசையில் கேமராவையும் பார்ப்போம்.

1. ஆன் ஆகவில்லையா?

பேட்டரியை சார்ஜ் செய்து, அதன் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள். பென்சில் செல் போடும் கேமராவில் புது செல்கூட சீக்கிரமே 'பேட்டரி லோ' காட்டும். கேமரா இழுக்கும் கரண்ட் அதிகம். செல்லின் உள் மின்தடையால் 1.5 வோல்ட் சரிந்துவிடுகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான். ஆனாலும் உள் மின்தடை குறைவு என்பதால் நின்று உழைக்கும்.

2. கார்டு எரர்

எஸ்.டி. கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன லாக் பூட்டியிருந்தால் படம் பதியாது. மிகப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்காமல் போகலாம். கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

3. படங்கள் அழிந்துவிட்டனவா?

டெலீட் செய்ததும் படம் அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று கார்டின் அட்டவணையில் குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் புதுப்படம் பதியும்போதுதான் பழையது போகும். ஆகவே உடனே கார்டைக் கழற்றிவிடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைத்ததை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். அக்காவின் வளைகாப்புப் படங்களை நான் இப்படித்தான் மீட்டேன். எங்கள் தாத்தாவின் கடைசிப் படம் அதில்தான் இருந்தது.

4. படம் சரியாக வரவில்லையா?

டியூப்லைட் வெளிச்சத்தில் சில கேமராக்களில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடிக்கு வையுங்கள். குண்டு பல்பில் படம் மஞ்சளடித்தால் ஒயிட் பேலன்ஸை மாற்றுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஈரம் படிந்தால், கேமராவைக் கொஞ்ச நேரம் பையிலேயே விட்டுவையுங்கள்.

5. எச்சரிக்கை

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றாலும் கேமராவைத் திறக்காதீர்கள். பேட்டரி வெறும் 3.7 வோல்ட்தானே என்று நினைக்கலாம். பிளாஷுக்கான கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் ஏறியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அப்படியே நிற்கும். விரல் பட்டால் ஆபத்து.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரப்பா" என்று தெருவே எதையாவது கொண்டுவந்து நீட்டுகிறது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். மேலே சொன்ன நாலையும் தைரியமாகச் செய்து கொடுங்கள். ஐந்தாவதற்கு மட்டும், "இது தெரிஞ்ச மெக்கானிக் திறக்க வேண்டியது, அண்ணே" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.