விமானக் காட்சிக்கேற்ற வில்லை

2021 மார்ச்சில், இலங்கை விமானப் படையின் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி, இந்தியாவின் சூர்யகிரண் ஜெட் அணியும் சாரங் ஹெலிகொப்டர் அணியும் காலிமுகத்திடல் வானில் சாகசம் நிகழ்த்தின. அத்தகைய காட்சியைப் படம்பிடிக்க ஹற்றனில் ரயிலேறும் மாணவர், கைப்பணத்தைக் கமராவினும் வில்லைக்கே மிகுதியாகச் செலவிடுவாராக. 100 முதல் 400 மில்லிமீற்றர் வரை குவியத் தூரம் மாறும் வில்லையொன்று போதும். ஜெட் விமானத்துக்கு 1/1000 செக்கன் வேண்டும். ஹெலிகொப்டருக்கோ அது ஆகாது. சுழலி அசைவற்று, வானிலே தொங்கவிட்ட பொம்மைபோலத் தோன்றும். அதற்கு 1/125 செக்கன் தகும். ஆயின் கமராவையும் உடன் நகர்த்தல் வேண்டும். திடல் மேற்கே கடலை நோக்கியது. பிற்பகல் வெயில் எதிரே விழும்.

பழைய வில்லை வாங்குவோர் டோர்ச் ஒளியில் உள்ளே நோக்குக. நுவரெலியாவின் ஈரப்பனியில் பூஞ்சணம் எளிதிற் படரும். யான் முதலில் வாங்கியது அவ்வாறே பாழாயிற்று.